வாசலைப் பார்த்த நாற்காலி

விசிலை எடுத்து ஊதினேன். வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழுந்து பறந்தன. பார்க்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். சறுக்கு யானையின் வால் பக்கம் வரிசையில் நின்ற பிள்ளைகள் மட்டும் அசையவில்லை.

“நடுவுல என்னடி அவ்ளோ கேப்பு? முன்னாடி போ!” என்றேன்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் யாழினி. புது ஃப்ளாட்டில் குடியிருக்கிறவர்களின் பெண். ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கிறாள். அவளுக்கும் யானையின் படிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் பயமே இல்லை. விவரம் தெரியாத ஆளிடம் பேசுகிற பொறுமைதான் இருந்தது.

“இருங்க டீச்சர். முன்னாடி போனவன் இன்னும் எறங்கல.”

நான் தும்பிக்கைப் பக்கம் பார்த்தேன். சறுக்கில் யாரும் இல்லை. கீழே மணலிலும் யாரும் இல்லை.

எங்கள் பார்க்கின் யானை சிமெண்ட் யானை. வால் பக்கம் நுழைந்தால் வயிற்றுக்குள் இருட்டில் படி ஏறும். முதுகில் தலை வெளியே வரும். அங்கே உட்கார்ந்து தும்பிக்கை வழியாக வழுக்கிக் கீழே வரலாம். ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. ஒரு காலத்தில் சாம்பல் நிறமாக இருந்தது. அப்புறம் யாரோ புண்ணியவான் ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். படி காலி. வெயில் நேரத்திலும் உள்ளேயிருந்து குளுமையாக ஒரு காற்று முகத்தில் பட்டது. ஈரச் சிமெண்ட் வாசம்.

“யாருமே இல்லையேடி!”

“இல்லதான்,” என்றாள் யாழினி. கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் இருந்தவர்களும் சத்தம் போடாமல் நின்றார்கள். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் அவளாகவே, “சரி, அடுத்த ரவுண்டு!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மறுபடி இரைச்சல் ஆரம்பித்தது.

உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் பி.டி. டீச்சராக இருந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள் நான். வரிசையில் இடைவெளி தெரிந்தால் எனக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். ரிட்டயர் ஆன பிறகும் விசில் கைப்பையில்தான் கிடக்கிறது. ஆனால் அன்றைக்கு அதை மறுபடி ஊதத் தோன்றவில்லை.

ஆளுக்கொரு பார்க்

இந்தத் தொடரில் போன வாரம் என் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோன கதையை எழுதினேன். ‘அடுத்த வாரமும் சிரிக்க வையுங்கள்’ என்று போனில் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் எனக்கே சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சங்கக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

கோவில்பதாகையில் எங்கள் காலனி பழையது. கல்யாணம் ஆகி நான் வந்தபோது ஆவடி ஸ்டேஷனில் இறங்கினால் எங்கள் வீடு வரைக்கும் பாதி தூரம் வெட்டவெளிதான். முக்கால்வாசி தொழிற்சாலைக் குடும்பங்கள், பாதிப்பேர் மாதா கோயில் ஆட்கள். பிறகு சுற்றிலும் ஃப்ளாட்டுகள் முளைத்தன. தூத்துக்குடி, மதுரை, சேலம் என்று ஊர் ஊராய் வந்து, காலையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிளம்புகிற கம்ப்யூட்டர் பிள்ளைகள் நிறைந்தார்கள். இரண்டு கூட்டமும் சந்திக்கிற ஒரே இடம் பார்க்தான்.

அந்தப் பார்க்கைப் புதுசாகக் கட்டப்போகிறார்கள், குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் கட்டுவார்கள் என்று செய்தி வந்தது. சங்கத் தலைவர் மைக் பிடித்தார். வந்தது வினை.

நடைபாதை வேண்டும் என்றார் சர்க்கரைக்காரர் ஒருவர். ஷட்டில் கோர்ட் வேண்டும் என்றார்கள் ஃப்ளாட் பையன்கள். மாதா சிலை வைக்கக் குகை மாதிரி ஒரு கெபி கேட்டார்கள் எங்கள் ஆட்கள். அப்படியானால் பிள்ளையாரும் வர வேண்டும் என்றார் பக்கத்துத் தெருக்காரர். ஒரு அம்மாள் எழுந்து, துணி காயப்போடக் கொடி கட்டித் தந்தால் போதும் என்றாள். தலைவர் எல்லாவற்றுக்கும் “ஆவன செய்யப்படும்” என்றார். அவர் சொன்னபடி எல்லாவற்றையும் கட்டினால் பார்க்கில் பிள்ளைகள் நிற்க இடமிருக்காது.

அப்போது எழுந்தவள்தான் கயல். கட்டட வரைபடம் போடுகிற பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மைக் வேண்டாம் என்று கையாட்டிவிட்டுப் பேசினாள்.

“வாயால கேட்டா எல்லாரும் அடுத்தவங்க கேக்கதுக்கு மேல ஒண்ணு கேக்காங்க. அதனால ஒண்ணு செய்வோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க. பார்க்குல உங்களுக்கு உட்காரத் தோணுத இடத்துல போடுங்க. எதைப் பாத்து உட்காரணுமோ அதைப் பாத்துப் போடுங்க. மத்ததை நாற்காலி சொல்லும்.”

“சேர் பேசுமா? இன்னா டீச்சர் இது!” என்று என் காதருகே சிரித்தான் ஏழுமலை. பார்க்கைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிறவன் அவன்தான்.

எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவள் கட்சி. அவள் என்னை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் பார்க்கில் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே ஓடுகிறார்கள் என்று சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஏன் டீச்சர், இந்தப் பிள்ளைங்க ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் யாருக்காக நிக்காங்க?” என்று அவள் கேட்டபோதுதான் நான் விசிலை எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை

வெயில் தாழ ஆரம்பித்ததும் நாற்காலிகள் வந்தன. அட, அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமே! முதுகில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் சேர், மூங்கில் மோடா, சமையலறை ஸ்டூல் எல்லாம் வந்தன. ஒரு கம்ப்யூட்டர் தம்பதி சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியைத் தெருவில் உருட்டிக்கொண்டே வந்தார்கள். தலைவர் வீட்டிலிருந்து குஷன் சோபா வந்து இறங்கியது. தூக்கி வந்த ஏழுமலை மூச்சு வாங்கினான்.

எல்லாரும் போட்டு முடித்ததும் கயல் என்னைத் தண்ணீர் டேங்க் மேடைக்குக் கூட்டிப்போனாள். மேலேயிருந்து பார்த்தோம்.

நிழலில் சில, ஓரத்தில் சில என்று நாற்காலிகள் சிதறிக் கிடந்தன. ஆனால் எங்கே கிடந்தாலும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. யானையை. அங்கேதானே பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அதில் அதிசயம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்றாலும் ஆள் இல்லாத நாற்காலிகள் அத்தனையும் ஒன்றுபோல் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆனது.

“அந்த ஒண்ணு மட்டும் வேற பக்கம் பாக்கு டீச்சர்,” என்றாள் கயல்.

யானையின் தும்பிக்கைக்கு மிக அருகில், அதற்கு முதுகைக் காட்டி, பார்க்கின் கேட்டைப் பார்த்தபடி ஒரு இரும்பு நாற்காலி கிடந்தது. நீல ஒயர் பின்னியது. அது யாருடையது என்று நான் கேட்கவே தேவையில்லை.

“ஸ்டெல்லா அக்காவோடது. அத விடு,” என்றேன்.

ஸ்டெல்லா அக்கா

அவளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் காலனிக்கு வந்த புதிது. ஸ்டெல்லா அக்கா எங்கள் வரிசையில் கடைசி வீடு. புருஷன் இல்லை. ஒரே பிள்ளை, டோனி. ஐந்து வயசு முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்த பிள்ளை. யாரைப் பார்த்தாலும் சிரிக்கும். ஒரு நாள் சாயங்காலம் பார்க்கில் விளையாடப் போனவன் வீடு திரும்பவில்லை.

காலனியே தேடியது. நானும் தேடினேன். ஏரிக்கரை, தண்டவாள ஓரம், மாதா கோயில் பின்புறத்துக் கிணறு, ஒன்றும் விடவில்லை. போலீஸ் வந்தது. பார்க் கேட் திறந்துதான் இருந்தது, பிள்ளை வெளியே போயிருக்கிறான், யாரோ கூட்டிப்போயிருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா தினமும் சாயங்காலம் பார்க்குக்கு வந்து, அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட் வழியாகப் போனவன் கேட் வழியாகத்தானே வருவான்? பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணம் கட்டினார்கள், அவர்களுடைய பிள்ளைகள் சறுக்க வந்தார்கள். அவள் முகம் மட்டும் திரும்பவில்லை. அவள் வீட்டுக் கதவும் அப்படித்தான். எந்நேரமும் திறந்து கிடக்கும். தூங்கும்போதுகூடக் கொண்டி போடமாட்டாள். “அவன் வந்து தட்டி, நா தூங்கிட்டா?” என்பாள். திருட்டுப் பயலுக்குக்கூட அந்த வீட்டில் நுழைய மனசு வராது.

நாற்காலிகளைப் பார்த்த பிறகு கயல் போட்ட வரைபடத்தில் யானை இல்லை. கம்பி தெரிய வெடித்துவிட்டது, பிள்ளைகள் மேல் விழும் என்றாள். லாரி ஓடுகிற ரோட்டுப் பக்கம் இருந்த கேட்டையும் உள் தெருவுக்கு மாற்றச் சொன்னாள். இரண்டும் நியாயம். ஆனால் காலனியில் ஒவ்வொரு வீடும் சரி என்றால்தான் வேலை என்பது கூட்டத்தில் பேசி முடித்த விஷயம். எல்லாரும் சரி என்றார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் எழுந்து நின்றாள்.

“கேட்ட மாத்திட்டா அவனுக்கு எப்பிடிம்மா வழி தெரியும்? யானையும் இல்லன்னா, இது வேற எடம்னு நெனச்சி போய்டுவான்ல?”

வாழ்நாளில் முதல்முறையாகத் தலைவர்கூட “ஆவன செய்யப்படும்” என்று சொல்லவில்லை.

செல்வின் சொன்னது

நாற்காலி போட்ட அன்றைக்கே கயல் யாழினியைப் பிடித்துவிட்டாள்.

“ரவுண்டு முடிஞ்சதும் யாருக்குடி நிக்கீங்க?”

“ஒப்புக்குச் சப்பாணிக்கு.”

எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆட்டத்தில் சின்னப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டே சேர வந்தால், கணக்கில் சேர்க்காமல், அவுட்டும் ஆக்காமல், பேருக்கு ஆடவிடுவார்கள். அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. ஆனால் அதற்கும் ஒரு பிள்ளை நிஜமாக இருக்க வேண்டுமே!

“அது யாரு? பேரு என்ன?” என்றேன்.

“தெரியாது டீச்சர். மேல போயிருக்கான். எறங்கல. இந்த யானையில அப்படித்தான் ஆடணும். சஞ்சனா அக்கா சொல்லிக்குடுத்தாங்க.”

சஞ்சனாவுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொரு அக்கா. அவளுக்கு அவள் அண்ணன். நான் விடவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுக்கொண்டே போனதில், வரைபடக் கூட்டமும் முடிந்த பிறகு ஒரு நாள், நானும் கயலும் செல்வினிடம் வந்து நின்றோம். என்னிடம் படித்தவன். இப்போது டாக்சி ஓட்டுகிறான். மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்கு வந்திருந்தான்.

“டேய், யானையில வரிசை நிக்கற வழக்கம் யார்றா ஆரம்பிச்சது?”

அவன் முகம் செத்துப்போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நாங்கதான் டீச்சர். அன்னிக்கு டோனி பின்னால நின்னது நான்தான்.”

“எந்த அன்னிக்கு?”

“அவன் காணாமப்போன அன்னிக்கு. டோனி ஏறுனான். நா படியில நின்னுகினு இருந்தேன். அவன் சறுக்கினாத்தான நா போவ முடியும்? ‘டேய் போடா’ன்றேன், சத்தமே இல்ல. மேல ஏறிப் பாத்தா ஆள் இல்ல. கீழ எட்டிப் பாத்தேன். மண்ணுல எங்ககூட ஆடுன எட்வின் குந்திகினு இருந்தான். ‘டோனி வந்தானாடா’ன்னு கேட்டேன். ‘யாருமே வரலியே’ன்றான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீ பாக்காதப்ப படி வழியா எறங்கிப் போயிருப்பான்டா.”

“படியில நான்தான டீச்சர் நின்னேன்? என்னத் தாண்டித்தான எறங்கணும்?”

“சேசுவே! பெரியவங்ககிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னோம். எங்கப்பா வுட்டாரு ஒரு அறை. ‘ஆட்டத்துல கவனிக்காம வுட்டுட்டு கதையா வுடுற’ன்னாரு. ரொம்ப நாள் எங்கள பார்க்குக்கு வுடல. அப்பறம் வந்தோம். ஒரு ரவுண்டு முடிஞ்சிது. எவனுக்கும் அடுத்த ரவுண்டு ஏறக் காலு வரல. அவன் இன்னும் எறங்கலியே! அதான் அவனுக்கோசரம் கொஞ்ச நேரம் நின்னுட்டு ஆடுவோம். சின்னப் பசங்க எங்களப் பாத்து நின்னாங்க. அவங்களப் பாத்து... இன்னிக்கு எம்பொண்ணு நிக்குது டீச்சர். நா சொல்லித்தரவே இல்ல.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த அதிர்ச்சியில் நானும் கயலும் ஒன்றை மறந்துபோனோம். கூப்பிடு தூரத்தில் நீல நாற்காலியில் ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

கர்ரென்று இரும்புக் கால் தரையில் இழுபடுகிற சத்தம். அவள் எழுந்து நாற்காலியைப் பிடித்துத் திருப்பினாள். நான் உதவிக்கு ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். திருப்பிப் போட்டு, யானையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சறுக்கினார்கள். ரவுண்டு முடிந்தது. வரிசை நின்றது. படிக்கு முன்னால் ஒரு ஆள் இடம் விட்டு, சத்தமில்லாமல், எல்லாரும் அந்த இருட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெல்லா அக்காவின் உதடு அசைந்தது. ஜெபமா, பிள்ளையின் பெயரா, எனக்குத் தெரியவில்லை.

“ரோஸ்லின்,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“சொல்லுங்கக்கா.”

“எல்லாரும் கேட்டு வழியாப் போய்ட்டான்னு சொன்னீங்களேம்மா. நா இத்தினி வருஷமா தப்பான பக்கம் பாத்துகினு ஒக்காந்துட்டேனே. எம்புள்ள எம்முதுகுக்குப் பின்னாலேயே நின்னுகினு கீறான்.”

அப்படியெல்லாம் இல்லை, பிள்ளைகள் ஏதோ சொல்கிறார்கள் என்று அவளைத் தேற்ற வாய் எடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. கேட்ட எங்க வேணா வெச்சிக்கட்டும். யானைய ஒடச்சிடுங்க. எவ்ளோ நாளு இருட்டுல நிப்பான்?”

யானை போன நாள்

அப்புறம் ஒரு தடங்கலும் இல்லை. யானையை உடைக்கிற அன்றைக்குக் காலையிலேயே காலனி கூடிவிட்டது. வேடிக்கை என்று பேர். ஆனால் ஒருவர் முகத்திலும் வேடிக்கை இல்லை. செல்வின் டாக்சியை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றான். ஏழுமலை முந்தின நாளே மாதா படத்துக்கு ஒரு மாலை, அம்மனுக்கு ஒரு மாலை போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான்.

டிரில் மிஷின் முதலில் தும்பிக்கையை எடுத்தது. பிறகு தலை. வயிற்றில் கை வைத்ததும் நான் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இதற்கென்று நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். தலையில் பூ. அவள் பூ வைத்து நான் பார்த்ததே இல்லை.

முதுகு பிளந்து உள்ளே வெளிச்சம் விழுந்தது. புகை மாதிரி தூசு எழும்பியது. எல்லாரும் இருமிக்கொண்டு பின்வாங்கினோம்.

தூசு அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். படி, மணல், ஐஸ் குச்சிகள், ஓட்டைப் பந்து ஒன்று. வேறு எதுவும் இல்லை.

“ஒண்ணியும் இல்ல டீச்சர்,” என்று மூச்சு விட்டான் ஏழுமலை. “நா கைகாலு ஒதறிகினே நின்னேன். சும்மா பயந்துகினோம்.”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, தூசுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்துத் தன் இடுப்பு உயரத்தில், கீழே, எதன் மேலோ தூசு படாமல் மறைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். வயசானவள், தூசில் தடுமாறுகிறாள் என்று நினைத்துக் கூப்பிட்டேன். அவள் காதில் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கேட்டைத் தாண்டிப் போனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு லாரி வந்தது. அவள் சட்டென்று ரோட்டுப் பக்கமாக மாறி நடந்தாள். ஒரு கை உடம்பை விட்டுச் சற்று விலகித் தாழ்ந்திருந்தது. வழக்கத்தைவிட ரொம்ப மெதுவாக நடந்தாள். கால் வலியாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நாற்காலியை அங்கேயே விட்டுப் போயிருந்தாள்.

புதுச் சறுக்கு

பார்க் முடிந்து திறந்தார்கள். கயல் கெட்டிக்காரி. நாற்காலிகள் கிடந்த இடங்களிலெல்லாம் பெஞ்சு போட்டிருந்தாள். கெபியும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. ஆனால் கொடி கேட்ட அம்மாளுக்கு ஒரு ஓரத்தில் கம்பி நட்டிருந்தாள். தலைவர் மைக்கில் எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்றார். நாங்களும் கை தட்டினோம், போகட்டும். யானை இருந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் சறுக்கு. திறந்த படி. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பிள்ளை தெரியும்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா வரவில்லை. யானையை உடைத்ததிலிருந்தே வரவில்லை என்று ஏழுமலை சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. பெஞ்சில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தேன். ரவுண்டு முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வரிசை நிற்கவில்லை. யாழினி கடகடவென்று படி ஏறி, சறுக்கி, என் காலடியில் வந்து விழுந்தாள். அவள் பின்னாலேயே அடுத்த பிள்ளை. அடுத்தது. ஒரு இடைவெளியும் இல்லை. வாழ்நாளெல்லாம் நான் விரும்பிய வரிசை. எனக்கு அது பிடிக்கவில்லை.

“என்னடி, இப்பல்லாம் நிக்கறதில்லியா?”

“யாருக்கு டீச்சர்?”

“அதான்டி. ஒப்புக்குச் சப்பாணிக்கு.”

“அவன்தான் எறங்கிட்டானே,” என்றாள், மணலைத் தட்டிக்கொண்டே.

“எப்போ?”

“யானைய ஒடச்சாங்கல்ல, அன்னிக்கு.”

கேட்கக் கூடாது என்று மனசு சொன்னது. வாய் கேட்டுவிட்டது. “எறங்கி எங்கடி போனான்?”

“அந்தப் பாட்டி கூட வீட்டுக்குப் போய்ட்டான்.”

சொல்லிவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடிவிட்டாள்.

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு முன்னால் நின்றேன். காலனிக்கு வந்த நாளாக நான் பார்த்த வீடு. திறந்தே கிடந்த கதவு.

சாத்தியிருந்தது. கையை வைத்து மெல்லத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே கொண்டி போட்டிருந்தாள்.

நெய்ச்சோறு வாசம் வந்தது. உள்ளே ஸ்டெல்லா அக்கா பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று விளங்கவில்லை. ஒரு வாய் வாங்கிக்கொள்ளச் சொல்லி நடுநடுவே கெஞ்சுகிற குரல். பதிலுக்குக் குரல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பை மறந்தே போயிருந்தேன்.

தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள் அப்படியே இறக்கிக்கொண்டேன். நான் தட்டினால் அவள் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

செருப்புச் சத்தம் கேட்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.